பம்பு நின்ற நேரங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி. ஏழரை வரை ராஜகிரிக் கோட்டை கண்ணில் படவில்லை. தொட்டி நிரப்ப ஒன்றரை மணி நேரம், வடிகட்டி அவ்வளவு மெதுவாக விடுகிறது. உப்பு மீட்டரில் 6. நல்லது. பத்தைத் தாண்டினால் கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. துடைக்காமல் தானாகக் காய வேண்டும், இந்தக் கண்ணாடி கழுவும் தொழிலில் இருக்கும் ஒரே ரகசியம் அதுதான்.

வாங்க: ஹோஸ் கிளிப் இரண்டு, தேங்காய், வீட்டுக்காரருக்குப் பிரஷர் மாத்திரை, டிஸ்டில்டு வாட்டர்.

திண்டிவனம் ரோட்டில் புதுக் கண் ஆஸ்பத்திரி. நான்கு மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி. இந்த வாரம் பக்கச் சுவரில் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை மேனேஜர் நின்று பார்ப்பார். பிடித்தால் மாதா மாதம் நாங்கள். பிடிக்காவிட்டால் கயிற்றில் தொங்கித் துடைக்கிற சென்னை ஆட்கள். செஞ்சியில் இதைவிடப் பெரிய கண்ணாடி இல்லை. இது போனால் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மும்தாஜ் கம்பு. நான் வண்டியில் பம்பு. கம்பு என்றால் நான்கு மாடி உயரம் நீளும் ராடு, உச்சியில் பிரஷ், பிரஷுக்குள் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் எடுத்தேன், அவள் ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். பள்ளிக்கூடம் மூடிய பிறகு இருவரும் சேர்ந்து இது. எட்டு மாதம் ஆகிறது. இன்னும் என்னை டீச்சர் என்றுதான்.

இன்று பம்பு மூன்று முறை தானாக நின்றது. பம்பை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டியில் டி.இ. என்று வந்தது. டெட் எண்ட். தண்ணீர் போக வழியில்லை என்று அர்த்தம். கம்பின் அடியில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு உண்டு, அதை மூடினால் இப்படிக் காட்டி நின்றுவிடும், நிற்கவும் வேண்டும்; திறந்தால் தானே மறுபடி ஓடும். மு. கட்டிடத்தின் பக்கவாட்டில். வண்டி வாசலில். கத்தினேன்.

"வால்வை மூடுனியா?"

"இல்ல டீச்சர், தொறந்துதான் இருக்குது!"

நான் எழுந்து போவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி முழுக்க ஆராய்ச்சி. எதிர்வீட்டம்மா: "இன்னா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லியா?"

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். வால்வு இருப்பது முப்பது மீட்டர் தள்ளி. அது மூடியிருப்பது வண்டியில் இருக்கும் இந்தச் சின்னப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? தண்ணீரைத் தொடும் கம்பி எதுவும் பெட்டியிலிருந்து போகவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. பெட்டிக்கும் பம்புக்கும் இடையே சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், அவ்வளவே.

பேட்டரி ஒயரில் ஆம்பியர் பார்த்தேன். வால்வு திறந்திருக்கும்போது மோட்டார் குடிப்பது கொஞ்சம். மூடியதும் சட்டென்று கூடுகிறது. தண்ணீருக்கு வழியில்லாதபோது மோட்டார் முட்டுகிறது, முட்ட அதிகக் கரண்ட் வேண்டும், பெட்டி அதை மட்டும்தான் பார்க்கிறது. தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. மோட்டார் எவ்வளவு சிரமப்படுகிறது என்பது மட்டும் தெரியும்.

பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவரைக் கூப்பிட்டு வால்வை மூடித் திறக்கச் சொன்னேன். கண்ணை மூடினாலும் தெரிந்தது. அதிர்வு இறுகுகிறது. சந்தோஷம். பன்னிரண்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு மின்னோட்டம் எடுத்தேனே, ஒருநாளும் இப்படிக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை.

இன்னொன்று. பெட்டியில் வரும் எண் லிட்டர் கிடையாது. வாளி வைத்து அளந்தேன்:

30 – ஒரு லிட்டருக்கு 52 விநாடி
35 – 44
50 – 31
70 – 27

ஐம்பதுக்கு மேல் ஏற்றினால் பம்புதான் கத்துகிறது, தண்ணீர் அதிகம் கூடவில்லை. 35 போதும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீட்டில் நிற்காத பம்பு ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன்?

பிப்ரவரி 5, புதன்

வெயில். ஆஸ்பத்திரியின் மேற்குப் பக்கம். இரண்டாம் மாடி வரை குரங்குக் கை அச்சு, ஐந்து விரலும் தெளிவாக. மு. ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே கழுவினாள். "கோட்டையில எடம் பத்தலையா ஒனக்கு, கண்ணு டெஸ்டுக்கு வேற வந்துட்டியா?"

நோட்டும் கடிகாரமும் எடுத்துப் போயிருந்தேன். தண்ணீர் தொடங்கியதிலிருந்து தானாக நிற்கும்வரை, நிமிடக் கணக்கில்:

14
13
11
9
7
(டீ)
13
10
8

எவ்வளவு ஒழுங்கு! சும்மா கெட்டுப்போன சாமான் இப்படி நடக்காது. நேரம் குறைந்துகொண்டே வருகிறது, டீக்குப் பிறகு மறுபடி கூடுகிறது. சூடுதான் என்று நினைத்தேன். ஓட ஓட மோட்டார் சூடாகிறது, கரண்ட் கூடுகிறது, பெட்டி ஏமாறுகிறது, டீ நேரத்தில் ஆறிவிடுகிறது. அழகான விளக்கம். ஆனால் கை வைத்துப் பார்த்தால் பம்பு வெதுவெதுப்புக்கூட இல்லை.

மு.விடம் பட்டியலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எல்லாத்தயும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதுனாத்தான் புடிக்க முடியும்."

"புடிச்சி இன்னா பண்ணப் போறீங்க டீச்சர், அதுவும் ரெண்டு நிமிஷம் மூச்சு உட்டுக்கட்டுமே" என்று சிரித்துவிட்டு பிரஷைக் கழுவப் போனாள்.

வீட்டில் இவர், பஸ் டிப்போவிலிருந்து வந்ததும்: "பம்புல ஒண்ணும் இருக்காது. அந்தம்மா ஹோஸை எங்கியாவது மடக்கி இழுக்கும். ஆம்பள ஆளா போடுன்னு அன்னைக்கே சொன்னேன். பெயின்டர் குமார் சும்மாதான் இருக்கான், கம்பு புடிக்கிறேன்னு அவனே கேட்டான்." இதையே போன மாதம் மு. முன்னாலும் சொன்னார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா புடிப்பாரு" என்றாள்.

கோபத்தில் ரசத்துக்கு உப்பு இரண்டு முறை.

பிப்ரவரி 6, வியாழன்

பத்திலிருந்து ஒன்று வரை கரண்ட் இல்லை. ஆதலால் பம்பைப் பிரித்தேன். வடிகட்டி வலையில்: வேப்பிலைத் துணுக்கு ஒன்று, செத்த கட்டெறும்பு ஒன்று. நிற்கும் அளவுக்கு இல்லை. மூடினேன். ஒரு திருகு மிச்சம். மறுபடி பிரித்தேன்.

கன்ட்ரோலர் விற்ற கோயம்புத்தூர்க்காரருக்குப் போன். பொறுமையான மனிதர். "மேடம், பேட்டரி கொஞ்சம் எறங்குனாலும், ஹோஸ் நீளம் மாறுனாலும் அது தப்பா டெட் எண்ட் காட்டும். கேல் நம்பரை ஏத்துங்க. ஏத்துனா அவ்ளோ சீக்கிரம் நிக்காது. ஆனா ரொம்ப ஏத்திடாதீங்க, அப்புறம் நிஜமாவே அடைச்சாலும் நிக்காம தள்ளிக்கிட்டே இருக்கும்."

கேல் என்பது காலிபரேஷன்; பெட்டியின் பொறுமை என்று வைத்துக்கொண்டேன். எவ்வளவு சிரமத்தைக் கண்டால் நிறுத்த வேண்டும் என்கிற கோடு. இப்போது 42.

மு. போன் செய்தாள். சனிக்கிழமை பற்றிக் கேட்டாள். சரியாகிவிடும், நம்பர் ஏற்றப் போகிறேன், இனி நடுவில் நிற்கவே நிற்காது என்றேன். "நிக்கவே நிக்காதா?" என்றாள். "நிக்காது." "சரி டீச்சர்." வைத்துவிட்டாள். குரலில் ஒரு மாதிரி. சளியோ?

பிப்ரவரி 7, வெள்ளி

கேல் 50. 60. 65. ஒவ்வொன்றிலும் வாசலில் வால்வை மூடிச் சோதனை. 65இல் நிற்கக் கொஞ்சம் தாமதம். 75இல் எட்டு விநாடி முக்கிவிட்டுத்தான் நின்றது. பரவாயில்லை, நிற்கிறதே. நாளைக்கு ஒரு நாள் தாண்டினால் போதும். 75.

இந்த வரியை எழுதும்போதே மனசுக்குள் உறுத்தல். பேட்டரி முழுக்க ஏறியிருக்கும்போது வாசலில் செய்த சோதனை இது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எட்டு விநாடி எட்டாகவே இருக்குமா? மாணவிகள் எழுதியிருந்தால் அடியில் சிவப்புக் கோடு போட்டிருப்பேன்.

சிங்கவரத்திலிருந்து சித்தி வந்து வேர்க்கடலை கொடுத்துவிட்டுப் போனாள். மண்ணோடு. அவித்தேன். நன்றாக இருந்தது.

பிப்ரவரி 8, சனி

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு ஆரம்பம். மேனேஜர் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வாசற்படியில். புறநோயாளிகள் ஐம்பது பேராவது பெஞ்சில், பாதிப் பேருக்குக் கண்ணில் பச்சைத் துணி. முகப்பின் பாதி முடிந்தது. பம்பு நிற்கவில்லை. மேனேஜரே, "பரவால்லியே, ஏணி கூட வேணாம் போல" என்றார். மு. மூலையைத் திரும்பி அந்தப்பக்கம் போனாள். ஹோஸ் மட்டும் அவள் பின்னால் ஊர்ந்து போனது.

பம்பின் சத்தம் மாறியது. இறுகுகிற அந்தச் சத்தம். செவ்வாய்க்கிழமை உள்ளங்கையில் உணர்ந்த அதே. பெட்டியைப் பார்த்தேன். 35, அமைதியாக 35. டி.இ. வரவில்லை. எட்டு விநாடி. பத்து. பதினைந்து எண்ணியிருப்பேன். கை ஸ்விட்சுக்குப் போகும்முன் வாசற்படி ஓரத்தில் ஹோஸ் இணைப்பு டப்பென்று கழன்று, முனை பாம்பு மாதிரி துள்ளி மேனேஜர் சட்டை, செருப்பு ஸ்டாண்டு, பெஞ்சின் முதல் வரிசை எல்லாவற்றையும் நனைத்தது. பச்சைத் துணி கட்டிய ஒரு பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மழையா சாமி? மாசி கூட பொறக்கலியே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

ஸ்விட்சை அணைத்துவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டே ஓடினேன், எங்கே அடைப்பு என்று பார்க்க. மூலை திரும்பியதும் தெரிந்தது.

மு. சுவரில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தாள். கம்பு இடது தோளில் சாய்ந்திருந்தது. வலது கை தொங்கியது, விரல்கள் மட்டும் மெல்ல மூடித் திறந்துகொண்டிருந்தன. கண் மூடியிருந்தது. ஹோஸ் இரண்டாக மடிந்து அவள் குதிகாலுக்கு அடியில். முழு எடையும் அதன் மேல்.

வாசலில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டுக் கண் திறந்தாள். காலை எடுத்தாள். ஹோஸ் மடிப்பு நிமிர்ந்தது.

"நாந்தான் டீச்சர்" என்றாள். "எல்லா தடவையும்."

மேனேஜர்: "மேடம், உள்ள பேஷண்ட் இருக்காங்க. எடுத்துட்டுப் போங்க, திங்கக்கெழம சொல்றேன்."

வண்டியில் திரும்பினோம். எனக்குக் கோபம். ஐந்து நாள். ஒரு கட்டெறும்பைக்கூட விடாமல் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். திட்டத்தான் போனேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். அவள் இடது கையால் தலை சீவிக்கொண்டிருந்தாள். வலது கை காதுக்கு மேலே போகவில்லை. திட்ட வந்தது போய்விட்டது.

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்து. நடுராத்திரில தோளு கழண்டு வுழுந்துடும் போல இருக்குது. பகல்ல பத்து நிமிஷம் தாங்கும், அப்புறம் மரத்துடுது."

"வால்வை மூடிட்டு ஒக்காந்திருக்கலாமே. அதுக்குத்தான வால்வு?"

"மூடுனேனே, மொதல்ல. மூடுன அடுத்த செகண்டு நீங்க அங்கேருந்து 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு'ன்னு ஒரே கத்து. பதில் சொல்லணும். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு தொறக்கணும். மெஷினு தானா நின்னா, வால்வு தொறந்துதான் இருக்குதுன்னு சொன்னா போதும், அப்புறம் எனக்கு ஒரு கேள்வியும் கெடையாது. நீங்க மெஷினத்தான் திட்டுவீங்க."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அதுவுமில்லாம நீங்கதான சொன்னீங்க, ஒங்கை மெஷினு மாதிரி மும்தாஜுன்னு. அந்த ஜவுளிக்கட மாடில."

சொன்னேன்தான். பாராட்டாக.

"சார் வேற குமாரு குமாருங்கறாரு. கை வலின்னு ஒரு நாளு வாயத் தொறந்தா மறாநா அந்தாளு கம்போட நிப்பாரு. எனக்குத் திரும்பிப் போக ஸ்கூல் வேனு கூட இல்ல." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்: "இப்ப குமாரயே போட்டுக்குங்க. ஒங்க வண்டி, ஒங்க பேரு கெட்டுப்போச்சு என்னால."

பெயர் கெட்டது கேல் 75ஆல். அதை வைத்தது நான். 42லேயே விட்டிருந்தால் அவள் மிதித்தபோது பம்பு நின்றிருக்கும், யார் சட்டையும் நனைந்திருக்காது. இதை அவளுக்கு விளக்கினேன். ஒயர், ஆம்பியர், முட்டுவது எல்லாம். கவனமாகக் கேட்டாள்.

"அந்த டப்பாவுக்கு அவ்ளோ தெரியுதா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து புதன்கிழமைப் பட்டியலைத் திரும்ப எடுத்தேன். 14, 13, 11, 9, 7. டீ. 13, 10, 8. பம்பின் சூடு என்று நினைத்துக்கொண்டு ஒருத்தியின் தோளை நிமிடம் நிமிடமாக எழுதி வைத்திருக்கிறேன். அவளிடமே காட்டியும் இருக்கிறேன், ஒழுங்காக இருக்கிறது பார் என்று. எதை எதையோ யோசித்தேனே, ஹோஸின் அந்த முனையில் ஒரு ஆள் இருப்பது ஏன் யோசனைக்குள் வரவில்லை? இவர்கூட, தப்பான காரணத்துக்காக என்றாலும், அந்தப் பக்கம் பார்த்தார்.

இவரிடம் சொன்னேன்: குமார் வேண்டாம். நான் கம்பு பிடிக்கிறேன், மாற்றி மாற்றி.

"நீயா?" என்றார். சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார்.

பிப்ரவரி 10, திங்கள்

கேல் மறுபடி 42. புது இணைப்பு, இரண்டு கிளிப்.

மு.வை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டோக்கன் 61. தோள் மூட்டு இறுகியிருக்கிறதாம். தினமும் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம். "ஒரேயடியா தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் செய்ங்க, விட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா. அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது.

திரும்பும் வழியில் மேனேஜர் போன். நாளைக்கு ஏழு மணி, ஓ.பி. திறக்கும் முன், பின்பக்கம் மட்டும். "இன்னொரு தடவ நடுவுல தண்ணி நின்னு தகராறு ஆச்சின்னா அதோட வுட்ருங்க மேடம்."

போனை வைத்ததும் மு. கேட்டாள்: "இன்னாவாம்?" சொன்னேன். "அப்ப நானே முழுசா புடிக்கிறேன், ஒரு நாளுதான." இல்லை என்றேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் வாசலில் கம்பு தூக்கிப் பழகினேன். கீழே பிடிக்கும்போது லேசு. நீட்ட நீட்ட வேறு பொருள். உச்சியில் தண்ணீர் ஓடும்போது அது தன் இஷ்டத்துக்குச் சாய்கிறது. எட்டு மாதம் வண்டியில் உட்கார்ந்து பார்த்தது இதையா?

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி. வானம் வெளுக்கும் முன்பே தொட்டி நிரப்பினேன். உப்பு 5.

ஆஸ்பத்திரிப் பின்பக்கம். மேனேஜர் இன்று நீலச் சட்டை, வாசலிலிருந்து நன்றாகத் தள்ளி. மு. வண்டியில் பெட்டி முன்னால், என் நாற்காலியில், கால் மேல் கால். "தண்ணி உடட்டா டீச்சர்?" முதல் முறை நான் கம்பு.

இரண்டு நிமிடம் பெருமை. மூன்றாவது நிமிடம் கழுத்து. நான்காவது நிமிடத்தில் வலது தோளில் யாரோ சூடான கம்பியைச் செருகிய மாதிரி. மூன்றாம் மாடி ஜன்னல் பாதியில். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். வால்வு இடுப்புக்குப் பக்கத்தில், மூட ஒரு விரல் போதும். மூட முடியவில்லை. மூடினால் தண்ணீர் நிற்கும், அவர் கேட்பார், நான் சொல்ல வேண்டும். ஹோஸ் என் கால் பக்கத்திலேயே வளைந்து கிடந்தது. பார்த்தேன். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி பார்த்தேன். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

வால்வை மூடினேன். வண்டிப் பக்கம் பம்பு உடனே அடங்கியது.

மேனேஜர் நிமிர்ந்தார். "மறுபடியும் நின்னுடுச்சா?"

"பம்பு நிக்கல சார். நாந்தான் நிறுத்துனேன்." குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "கை வலிக்குது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் பிடிப்போம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர். இனிமே அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் தண்ணி நிக்கும்."

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கழுவிய இடம் காய ஆரம்பித்திருந்தது, புள்ளி இல்லாமல்.

"சட்டைய நனைக்காம நிறுத்துனா சரி. முன்பக்கத்துக்கு எப்ப வரீங்க, ரெண்டு பேரும்?"

பதில் சொல்வதற்குள் மு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி வந்துவிட்டாள். "வெள்ளிக்கெழம காலைல சார்" என்று அவளே சொல்லி, என் கையிலிருந்து கம்பை இடது கையால் வாங்கினாள்.

"தள்ளுங்க டீச்சர். கீழ் வரிசை பூரா அழுக்க அப்டியே உட்டு வெச்சிருக்கீங்க, பார்த்தா கண்ணாஸ்பத்திரின்னு யாரு சொல்லுவா? போங்க, போயி தண்ணி உடுங்க."

வண்டிக்கு ஓடினேன்.